பிள்ளை வளர்த்த வருடங்களுக்குப் பிறகு மறுபடி தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சி முடித்து, ஒன்றிரண்டு வருடம் வேலை பார்த்து, குழந்தை பிறந்ததும் வீட்டோடு நின்றவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான பணிக்கு மட்டுமே இந்தப் பதில்கள்.

1. நான் டி.டெட். முடிச்சது 2008-ல. இவ்வளவு வருஷம் கழிச்சு அந்தச் சர்டிஃபிகேட் செல்லுமா?

செல்லும். பட்டயச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. அப்போது டி.டெட். என்று இருந்த படிப்பு பின்னால் டி.எல்.எட். ஆனது, பெயர்தான் மாற்றம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டு படித்த பட்டயம் என்றால் இடைநிலை ஆசிரியர் (தொடக்க வகுப்பு ஆசிரியருக்கு அரசு வைத்திருக்கும் பெயர்) தகுதியில் முதல் பாதி உங்களிடம் இருக்கிறது. மறு பாதி டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு. இடைவெளி விழுந்ததற்காக யாரும் தகுதியைப் பறிக்க முடியாது.

2. டெட் எழுதாம எந்த ஸ்கூல்லயும் சேர முடியாதா?

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 23-வது பிரிவின்படி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23-ல் குறைந்தபட்சத் தகுதிகளை அறிவித்தது. ஒன்று முதல் எட்டு வரை கற்பிக்க டெட் கட்டாயமானது அன்றுதான். அதற்கு முன் வேலையை விட்டவர்களுக்கு இது புதிதாக இருப்பதில் வியப்பில்லை. அரசுப் பள்ளிக்கும் அரசு உதவிபெறும் பள்ளிக்கும் டெட் இல்லாமல் நிரந்தரப் பணி கிடையாது.

சட்டம் தனியார் பள்ளிக்கும் சேர்த்துத்தான். நடைமுறையில் நர்சரி, பிரைமரி பள்ளிகள் பலவும் டெட் இல்லாதவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன, சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு. 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஏற்கெனவே பணியில் இருப்பவர்களில் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் மீதமுள்ளவர்கள்கூட இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்றது. சிறுபான்மையினர் நிறுவனங்கள் பற்றிய கேள்வியை மட்டும் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெளிவு. தனியார் பள்ளியில் சேர்ந்தாலும் தேர்வுக்குப் படிப்பதை நிறுத்தாதீர்கள்.

3. 2013-லயே டெட் பாஸ் பண்ணிட்டேன். ஏழு வருஷம்தானே செல்லும்னு சொன்னாங்க, போச்சா?

போகவில்லை. ஏழு ஆண்டுக் கணக்கை 2021-ல் நீக்கி, 2011 முதல் வழங்கிய சான்றிதழ்களுக்கும் சேர்த்து ஆயுட்காலச் செல்லுபடி என்று ஆக்கிவிட்டார்கள். அலமாரியில் இருக்கும் சான்றிதழைத் தேடி எடுங்கள்.

ஆனால் டெட் தேறினாலே வேலை என்ற காலம் மாறிவிட்டது. 2012, 2013-ல் தேறியவர்களுக்கு, டெட் மதிப்பெண்ணோடு பழைய படிப்பு மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிடும் வெயிட்டேஜ் முறையில் பணி கொடுத்தார்கள். 2018-ல் வந்த அரசாணை 149, டெட் தேறியவர்கள் நியமனத்துக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்கிறது. இடைநிலை ஆசிரியருக்கான அந்தத் தேர்வு 2024 ஜூலை 21-ல் நடந்தது. அதில் தமிழ்த் தகுதித் தாள் ஒன்று உண்டு: 30 கேள்வி, 50 மதிப்பெண், குறைந்தது 20 எடுக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் 150 மதிப்பெண் முதன்மைப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று அலட்சியம் வேண்டாம்.

4. எனக்கு 43 வயசு. கவர்மென்ட் வேலைக்கு வயசு தாண்டிடுச்சா?

இல்லை. 2024 இடைநிலை ஆசிரியர் அறிவிக்கையில் உச்ச வயது பொதுப் பிரிவினருக்கு 53, மற்ற பிரிவினருக்கு 58. நாற்பது தாண்டியதுமே கதவு மூடிவிட்டது என்று நம்பி விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் ஏராளம். ஒவ்வொரு அறிவிக்கையிலும் வயதைக் கணக்கிடும் தேதி ஒன்று இருக்கும். உங்கள் வயதை அந்தத் தேதிக்குப் பாருங்கள்.

5. பி.எட். மட்டும்தான் இருக்கு. சின்னப் பசங்களுக்கு எடுக்கத்தான் பிடிக்கும். பேப்பர் ஒன்னு எழுதலாமா?

முடியாது. 2018 ஜூனில் தேசியக் குழுமம் பி.எட். படித்தவர்களையும் தொடக்க வகுப்புகளுக்கு அனுமதித்தது உண்மை. அந்த அறிவிக்கை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11-ல் தீர்ப்பளித்துவிட்டது. பி.எட். வைத்திருப்பவர்கள் தாள் இரண்டு எழுதி ஆறு முதல் எட்டு வகுப்புக்குப் போகலாம். தொடக்க வகுப்புதான் வேண்டும் என்றால் இரண்டு ஆண்டுப் பட்டயம் படிப்பதுதான் நேரான வழி. தனியார் பள்ளி ஒன்று பி.எட்.டை வைத்து மூன்றாம் வகுப்பு கொடுத்தால், அந்த இருக்கை எப்போது வேண்டுமானாலும் ஆட்டம் காணும் என்று தெரிந்தே உட்காருங்கள்.

6. எம்ப்ளாய்மென்ட் ஆஃபீஸ் பதிவைப் புதுப்பிக்காம விட்டுட்டேன். சீனியாரிட்டி எல்லாம் போச்சே?

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும், விட்டதால் மூப்பு போயிருக்கும். ஆனால் இடைநிலை ஆசிரியர் நியமனம் இப்போது பதிவு மூப்பில் நடப்பதில்லை, தேர்வில்தான் (கேள்வி 3). அதனால் அழவேண்டியதில்லை. வேலைவாய்ப்புத் துறை இணையதளத்தில் புதிதாகப் பதிந்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். விடுபட்டவர்களுக்குச் சிறப்புச் சலுகையாகப் புதுப்பிக்க அரசு அவ்வப்போது ஆணை போடும். அப்படி வந்தால் பயன்படுத்திக்கொள்ளலாம்.

7. முதல்ல எதுல இருந்து தொடங்கணும்? புக் வாங்கணுமா, கோச்சிங் சேரணுமா?

இரண்டும் அப்புறம். முதல் வேலை சான்றிதழ். தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பில் தடுமாறுவது ஒவ்வொரு முறையும் நடக்கிறது. மணமாகி ஊர் மாறியவர்களுக்குத்தான் இதில் சிக்கல் அதிகம், அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

பத்து, பன்னிரண்டு, பட்டய மதிப்பெண் பட்டியல்கள், பட்டயச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருந்தால் டெட் சான்றிதழ். சாதிச் சான்றிதழ் அப்பா பெயரில் இருக்க வேண்டும், கணவர் பெயரில் வாங்கியிருந்தால் ஏற்கமாட்டார்கள். பிறந்த ஊர் தாலுகா வழியாக இ-சேவையில் விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அப்பாவின் சான்றிதழ் நகலும் தேவைப்படும். அப்பா அம்மா இருக்கும்போதே இதை முடிப்பது எளிது.

அடுத்தது தமிழ்வழியில் பயின்றதற்கான சான்றிதழ். அரசுப் பணிகளில் 20 சதவீத இடம் இதற்கு உண்டு. 2020-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அதாவது ஒன்று முதல் ஐந்து ஒரு பள்ளி, ஆறு முதல் பத்து இன்னொன்று, மேல்நிலை வேறொன்று என்றால் மூன்று தலைமை ஆசிரியர்களிடமும் பயிற்சி நிறுவனத்திலும் தனித்தனியாக வாங்க வேண்டும். அறிவிக்கையில் கொடுக்கும் படிவத்திலேயே வாங்குங்கள். சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுக்கப் பள்ளிக்கே ஒரு வாரம் ஆகும். அறிவிக்கை வந்தபின் ஓடினால் மே மாத விடுமுறையில் மாட்டிக்கொள்வீர்கள்.

மதிப்பெண் பட்டியல் தொலைந்திருந்தால், காவல்துறை இணையதளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை பதிந்து, படித்த பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு இரண்டாம்படி கேட்க வேண்டும். பட்டயத் தேர்வையும் அதே இயக்ககம்தான் நடத்துகிறது. இது மாதக் கணக்கில் இழுக்கும் வேலை.

8. கல்யாணத்துக்கு அப்புறம் ஆதார்ல வீட்டுக்காரர் இனிஷியல் போட்டுட்டோம். சர்டிஃபிகேட்ல அப்பா இனிஷியல். எதைப் போடறது?

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதைப் போடுங்கள், புள்ளி, இடைவெளி உட்பட. எல்லாச் சான்றிதழும் அந்தப் பெயரில்தான் இருக்கின்றன. ஒன்றை மாற்றுவதைவிட ஆதாரை அதற்கேற்பத் திருத்துவது சுலபம். பான், வங்கிக் கணக்கையும் அதே பெயருக்குக் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் சம்பளமும் வைப்பு நிதியும் சிக்கும். திருமணப் பதிவுச் சான்றிதழின் நகல் கையில் இருக்கட்டும், இரண்டு பெயரும் ஒருவரே என்று காட்ட உதவும். பெயரையே முழுதாக மாற்றியவர்கள் அரசிதழ் வெளியீட்டை வைத்திருக்க வேண்டும்.

9. வீட்டு வேலைக்கு நடுவுல பேப்பர் ஒன்னுக்கு எப்படிப் படிக்கறது?

தாளின் அமைப்பு இதுதான்: குழந்தை மேம்பாடும் கற்பித்தலும், தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். ஒவ்வொன்றிலும் 30, மொத்தம் 150. மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, அதனால் ஒரு கேள்வியைக்கூட வெற்றாக விடக் கூடாது. தேற 90 வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு எவ்வளவு சலுகை என்பதை அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள். 2025 வரை தமிழ்நாட்டில் 2012, 2013, 2017, 2019, 2022, 2025 என்று விட்டுவிட்டுத்தான் நடந்திருக்கிறது. அறிவிக்கை வரட்டும், படிக்கலாம் என்றால் கையில் கிடைப்பது இரண்டு, மூன்று மாதம்தான்.

படிக்கத் தொடங்கும் முன் பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதுங்கள். எந்தப் பகுதியில் ஓட்டை என்று அதுவே காட்டிவிடும். வீட்டிலிருந்து திரும்பி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று இடம்தான் துருப்பிடித்திருக்கும்: கணக்கில் பின்னம், மீ.சி.ம., பரப்பளவு, ஆங்கிலத்தில் காலம், வினைச்சொல் மாற்றம், குழந்தை மேம்பாட்டில் பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க் என்று பெயரோடு வரும் கோட்பாடுகள். பயிற்சிக் காலத்தில் பியாஜேயின் நான்கு நிலைகளை மனப்பாடமாகப் படித்திருப்பீர்கள். இப்போது ஒரு வகுப்பறைச் சூழலைக் கொடுத்து அது எந்த நிலை என்று கேட்கிறார்கள். உயரமான குவளைக்கு மாற்றிய தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று சொல்லும் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்பதை உங்கள் வீட்டுப் பிள்ளையிடமே பார்த்திருப்பீர்கள், அந்த ஞாபகம் கைகொடுக்கும்.

புத்தகம்: ஒன்று முதல் எட்டு வரையிலான பாடநூல்கள் போதும். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நீங்கள் முன்பு நடத்திய புத்தகங்கள் அல்ல இவை, 2018, 2019-ல் எல்லாம் மாறிவிட்டன. ஆயிரம் பக்கக் கையேட்டை வாங்கி முதல் நூறு பக்கத்தோடு நிற்பதைவிட, பாடநூலை ஒரு வகுப்பு முடித்து அடுத்த வகுப்பு என்று போவது மேல்.

நேரம்: காலையில் எல்லோரும் கிளம்பிய பிறகு 90 நிமிடம் தொடர்ச்சியாகக் கிடைத்தால் கணக்கும் ஆங்கிலமும். துண்டு துண்டாகக் கிடைக்கும் நேரத்துக்குத் தமிழும் சூழ்நிலையியலும். ஞாயிறு ஒரு முழுத் தாள். கைபேசியில் வகுப்பு பார்த்துக்கொண்டே சமைப்பதைப் படிப்பு என்று கணக்கில் எடுக்காதீர்கள். கடைசி மாதம் ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பிப் பழகுங்கள். கேள்வி எண் ஒன்று தள்ளிப்போய் மொத்தமும் தவறாவது கை பழக்கம் விட்டுப்போனவர்களுக்கு நேர்கிற விபத்து.

10. சி.பி.எஸ்.இ. ஸ்கூல்ல சேரணும்னா சிடெட் எழுதணுமா? ரெண்டும் எழுதலாமா?

எழுதலாம். சிடெட் தேர்வை நடத்துவது மத்திய இடைநிலைக் கல்வி வாரியம். முதல் தாள் அமைப்பு ஏறக்குறைய இதேதான், நேரம் இரண்டரை மணி, சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். கேந்திரிய வித்யாலயாவுக்கும் சி.பி.எஸ்.இ. தனியார் பள்ளிகளுக்கும் இது பயன்படும். தமிழக அரசுப் பள்ளி நியமனத்துக்கு மாநில டெட் தேவை. படிப்பு ஒன்றுதான் என்பதால் இரண்டையும் எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

11. இன்டர்வியூல 'ஏன் இத்தனை வருஷம் கேப்'னு கேட்டா என்ன சொல்றது?

ஒரே வாக்கியம்: "இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன், இப்போது அவர்கள் ஏழாவதும் ஒன்பதாவதும் படிக்கிறார்கள்." அதோடு நிறுத்துங்கள். மாமியார் உடம்பு, கணவர் இடமாற்றம் என்று நீட்டினால், நாளைக்கும் இதே காரணத்துக்கு விடுப்பு கேட்பார் என்றுதான் தாளாளர் நினைப்பார். அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டு: வருடத்தின் நடுவில் நின்றுவிடுவீர்களா, இப்போதைய பாடநூல் தெரியுமா. முதலாவதற்கு, உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். இரண்டாவதற்கு, எந்த வகுப்புக்கு ஆள் எடுக்கிறார்களோ அந்த வகுப்புப் புத்தகத்தின் முதல் பருவத்தையாவது படித்துவிட்டுப் போங்கள்.

'எனக்கே ரெண்டு குழந்தை இருக்கு, பசங்களைப் பத்தி நல்லாத் தெரியும்' என்பது எல்லோரும் சொல்லும் பதில், எடுபடாது. ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருவது வேறு. முப்பது பேரில் பத்துப் பேருக்குப் புரிந்து, பத்துப் பேருக்குப் பாதி புரிந்து, மீதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடத்துவது வேறு.

12. டெமோ கிளாஸ்ல என்ன எடுத்தா நல்லா இருக்கும்?

பத்துப் பதினைந்து நிமிடம்தான் கொடுப்பார்கள். பாட்டுப் பாடி ஆடவைப்பதைப் பலரும் செய்வார்கள். பிள்ளைகள் தவறு செய்யும் ஓர் இடத்தை எடுத்து, அந்தத் தவறு ஏன் வருகிறது என்று தெரிந்து நடத்துபவர் தனியாகத் தெரிவார். இரண்டாம், மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் நல்ல தேர்வு.

52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் 35 என்று எழுதும். 2-லிருந்து 7 போகாது என்று தெரிந்ததும் தலைகீழாக 7-லிருந்து 2-ஐ எடுத்துவிடுகிறது. கவனக்குறைவு அல்ல, சிறிய எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து எடுக்க வேண்டும் என்ற விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. துடைப்பக் குச்சி அறுபதும் ரப்பர் பேண்டும் எடுத்துப் போங்கள். பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு. "எனக்கு ஏழு உதிரிக் குச்சி கொடு" என்று கேளுங்கள். கையில் இரண்டுதான். பிள்ளை கட்டைப் பார்க்கும். பிரிக்கலாமா என்று அது கேட்கும்வரை காத்திருங்கள். பிரித்தால் நான்கு கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு கொடுத்தால் ஐந்து, இரண்டு கட்டு கொடுத்தால் இரண்டு. விடை 25. பிறகுதான் பலகையில் எழுத்து.

கெடுக்கிற இடங்கள்: கட்டை ஆசிரியரே பிரித்துவிடுவது, குச்சிக்கு முன்பே பலகையில் எழுதிவிடுவது, முதல் கணக்காகவே 50-லிருந்து 27 என்று பூஜ்யத்தைக் கொண்டுவருவது. 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று கேட்கிற பிள்ளை நியாயமாகத்தான் கேட்கிறது.

13. நான் வேலை பார்த்தப்ப ஏ.பி.எல். அட்டை, ஏணிப்படின்னு இருந்துச்சு. இப்ப எண்ணும் எழுத்தும்ங்கறாங்க. எல்லாமே புதுசா?

அவ்வளவு புதிதல்ல. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூன் 13-ல் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கப்பட்டது. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்பு, அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும். கொரோனாவில் பள்ளி மூடியிருந்ததால் விழுந்த இடைவெளியைச் சரிசெய்வது நோக்கம். பிள்ளைகளை வகுப்பு பார்த்துப் பிரிக்காமல் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தமிழில் மலராகவும் கணக்கில் அரும்பாகவும் இருக்கலாம். ஏ.பி.எல். எனும் செயல்வழிக் கற்றலில், அட்டைகளைப் படிப்படியாக அடுக்கிய ஏணியில் அவரவர் படியில் நின்றது போலத்தான். அட்டைக்குப் பதில் பயிற்சி நூல், ஆசிரியருக்குக் கையேடு, மதிப்பீடு கைபேசியில். தரையில் வட்டமாக உட்காரவைத்து ஏ.பி.எல். நடத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு, குழு குழுவாக நடத்துவது மற்றவர்களைவிடச் சீக்கிரம் கைவரும்.

பழகாதது நேரம் பங்கிடுவதுதான். மலர் குழுவுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு அரும்புக் குழுவோடு உட்காருங்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள் கை தூக்குவதால் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

14. மூணாவது வந்தும் தமிழ் வாசிக்கத் தெரியாத பசங்க இருக்காங்களாமே. எங்கிருந்து தொடங்கறது?

அ, ஆ-விலிருந்து அல்ல. அந்தப் பிள்ளைக்கு வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்திருக்கும், நடுவிலிருந்து ஒரு எழுத்தைக் காட்டினால் தெரியாது. முதல் வாரம் ஒவ்வொருவரையும் மூன்று நிமிடம் தனியாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்: கலைத்துப் போட்ட பத்து எழுத்து, ஐந்து சொல், இரண்டு வாக்கியம். எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கேதான் தொடக்கம்.

அடிக்கடி நிற்கும் இடம் உயிர்மெய்க் குறியீடு. துணைக்கால் பார்ப்பதற்கு 'ர' மாதிரியே இருப்பதால் 'பாட்டு' என்பதைப் 'பரட்டு' என்றும், 'கொக்கு' என்பதைக் 'கெரக்கு' என்றும் வாசிக்கும் பிள்ளைகள் உண்டு. திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால் அந்தச் சொல் மட்டும் மனப்பாடமாகும், அடுத்த சொல்லில் அதே தவறு வரும். 'கொ' முழுவதையும் ஒரே அட்டையில் எழுதி ஒரே ஒலியாகக் காட்டுங்கள். கெ, கொ, கர என மூன்று அட்டை வைத்து, நீங்கள் சொல்வதை எடுக்கச் சொல்லுங்கள். அதே குறியீட்டோடு பொ, தொ, மொ. ஒரு நாளைக்கு ஒரு குறியீடு போதும். ர-ற, ல-ள-ழ எழுத்துப்பிழைகளை இந்தக் கட்டத்தில் சிவப்பு மையால் சுழிக்காதீர்கள், வாசிப்பு ஓடத் தொடங்கியபின் பார்க்கலாம்.

15. அடிக்கவே கூடாதாமே. அப்புறம் எப்படிப் பசங்களை உட்கார வைக்கறது?

கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. முட்டி போடவைப்பதும் பட்டப்பெயர் சொல்வதும் இதில் அடங்கும். பிரம்புக்குப் பதில் வேலை செய்வது முன்னேற்பாடு: பிள்ளைகள் உள்ளே வரும்போதே பலகையில் ஒரு சிறு வேலை இருக்க வேண்டும். கவனத்தைத் திருப்ப ஒரே ஒரு கைதட்டுத் தாளம் வைத்துக்கொள்ளுங்கள், வருடம் முழுக்க மாற்றாதீர்கள். சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டால் வகுப்பும் அடங்காது, இரண்டாவது வாரம் உங்கள் தொண்டையும் கட்டிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

2012-க்கு முன் வேலையை விட்டவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பிள்ளை பாலியல் தொந்தரவு பற்றிச் சொன்னாலோ உங்களுக்குத் தெரியவந்தாலோ, போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது உங்கள் கடமை, மறைத்தால் தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று நிர்வாகம் தடுத்தாலும் இதில் மாற்றமில்லை. 1098 குழந்தைகள் உதவி எண், 14417 பள்ளிக் கல்வித் துறை எண். இரண்டும் வகுப்புச் சுவரில் இருக்கட்டும்.

16. எல்லாம் மொபைல் ஆப்லதான் பதியணுமாமே. எனக்கு வாட்ஸப் தவிர ஒன்னும் தெரியாது.

அரசுப் பள்ளியில் பிள்ளைகளின் வருகையும் மதிப்பீடும் கைபேசிச் செயலியில், மற்ற விவரங்கள் எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறைத் தகவல் தளத்தில். வாட்ஸப்பில் படம் அனுப்பத் தெரிந்தால் ஒரு வாரத்தில் பழகிவிடும். சிரமம் தொழில்நுட்பத்தில் இல்லை, காலை நேரத்தில் எல்லாப் பள்ளியும் ஒரே நேரம் பதிவதால் சர்வர் சுற்றிக்கொண்டே இருப்பதில்தான். ஒரு தாளில் வருகையைக் குறித்து வைத்துக்கொண்டு வகுப்பைத் தொடங்குங்கள்.

17. ரிசல்ட் வர்ற வரைக்கும் சும்மா இருக்கணுமா? எஸ்.எம்.சி. வேலை பெர்மனென்ட் ஆகுமா?

ஆகாது. காலிப் பணியிடத்தில் நிரந்தர ஆசிரியர் வரும்வரை பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தொகுப்பூதியத்தில் எடுக்கும் தற்காலிக ஏற்பாடு அது. 2022-ல் இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய் என்று தொடங்கி, பிறகு 12,000 ஆக்கினார்கள். நிரந்தர ஆசிரியர் சேர்ந்த அன்றே உங்கள் வேலை முடிந்துவிடும். நிரந்தரப் பணியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 20,600. இருந்தாலும் வகுப்பறைக்குள் மறுபடி கால் வைக்க இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. பக்கத்துத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரிடமும் வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் ஜூன் மாதம் கேட்டு வையுங்கள். தனியார் பள்ளிகளில் ஆள் எடுப்பது பிப்ரவரி முதல் மே வரை, நடுவில் மகப்பேறு விடுப்பு இடங்கள் காலியாகும்.

18. பிரைவேட் ஸ்கூல்ல சேர்றதுக்கு முன்னாடி என்னென்ன கேட்டுக்கணும்?

மே மாதச் சம்பளம் உண்டா, வருடத்துக்குப் பத்து மாதம்தானா. வைப்பு நிதி பிடிக்கிறார்களா (இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் கட்டாயம்). கோடையில் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போகச் சொல்வார்களா. வேறு ஆசிரியர் வராதபோது அவர் பாடவேளைகளை யார் எடுப்பது. மாலை எத்தனை மணிக்கு விடுவார்கள், பேருந்துப் பணி உண்டா. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டுச் சேர்ந்தவர்கள்தான், தன் பிள்ளை மூன்றரைக்கே வீட்டு வாசலில் நிற்கும்போது தான் ஐந்தரை மணிக்கு வேறு பிள்ளைகளைப் பேருந்தில் இறக்கிக்கொண்டிருப்பதாகப் புலம்புகிறார்கள்.

19. அதே ஸ்கூல்ல என் பையனுக்கு ஃபீஸ் இல்லைன்னு சொல்றாங்க. சேரலாமா?

பணம் கணக்கிட்டுப் பாருங்கள். சம்பளத்தைக் குறைத்துவிட்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறார்கள் என்றால் சலுகை எதுவும் இல்லை. இடையில் வேலையை விட்டால் முழு ஆண்டுக் கட்டணத்தையும் கேட்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பையன் உங்கள் வகுப்பிலேயே வராமல் வேறு பிரிவில் போடச் சொல்லுங்கள். வகுப்பில் 'அம்மா' என்று கூப்பிடுகிற பிள்ளையை மற்றப் பிள்ளைகள் ஒரு மாதிரியும், பெற்றோர் வேறு மாதிரியும் பார்ப்பார்கள்.

20. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கொடுத்தாத்தான் வேலைங்கறாங்க. கொடுக்கலாமா?

வேண்டாம். மூலச் சான்றிதழைக் காட்டிவிட்டு, கையெழுத்திட்ட நகலைக் கொடுங்கள். மூலத்தை வாங்கி வைப்பது வருடத்தின் நடுவில் நீங்கள் போகாமல் தடுக்கத்தான். அரசுப் பணிச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்து சில நாளில் போயாக வேண்டியிருக்கும்போது பள்ளி கொடுக்க மறுத்தால் பல ஆண்டு உழைப்பு வீணாகும். கொடுத்தே ஆகவேண்டிய நிலை என்றால், எந்தச் சான்றிதழ், வரிசை எண் என்ன, எந்தத் தேதி என்று குறித்துப் பள்ளி முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பட்டயத்தையும் ஒருசேரக் கொடுக்காதீர்கள்.

21. பழைய ஸ்கூலையே மூடிட்டாங்க. அனுபவச் சான்றிதழுக்கு எங்க போறது?

அரசுத் தேர்வுக்கு அனுபவச் சான்றிதழ் தேவையில்லை, அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. அதற்காக அலையவேண்டாம். தனியார் பள்ளி கேட்டால், அப்போதைய வைப்பு நிதிக் கணக்கு, சம்பளம் ஏறிய வங்கிப் புத்தகம், பணி நியமனக் கடிதம் இவற்றில் ஒன்றைக் காட்டலாம்.

நீங்கள் படித்த பள்ளியை மூடிவிட்டார்கள் என்றால்தான் சிக்கல், கேள்வி 7-ல் சொன்ன தமிழ்வழிச் சான்றிதழுக்கு அது வேண்டும். மூடிய பள்ளியின் பதிவேடுகள் பொதுவாகக் கல்வி அலுவலகத்துக்குப் போயிருக்கும். தொடக்கப் பள்ளி என்றால் முதலில் வட்டாரக் கல்வி அலுவலகம், அங்கே இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலகம். படித்த ஆண்டு, வகுப்பு, அப்பா பெயர், பிறந்த தேதி எழுதிய மனுவோடு போங்கள், மாற்றுச் சான்றிதழின் நகல் இருந்தால் அதிலுள்ள சேர்க்கை எண்ணையும் குறிப்பிடுங்கள். அந்த எண் இருந்தால் எழுத்தர் ஒரே பதிவேட்டைப் புரட்டினால் போதும்.